சுங்கை சிப்புட்டில் பிறந்த அப்பாவும் துறுதுறு பேரப்பிள்ளைகளும்

வியாழன், திருச்சி

நாளை நடுராத்திரி விமானம். நான், அப்பா, ஆறு வயதுப் பெரியவள், இரண்டு வயதுச் சின்னவன். வீட்டுக்காரருக்கு அலுவலகத்தில் கணக்கு முடிக்கிற நேரம், அவர் வரவில்லை. பிள்ளைகளுக்குக் காலாண்டு லீவு. போகிற இடம் மலேசியாவில் ஈப்போ. பார்க்கப் போவது அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையை.

மலேசியா என்றதும் தெருவில் எல்லாரும் "கெந்திங் போறீங்களா, லங்காவி போறீங்களா?" என்கிறார்கள். இரண்டுக்கும் இல்லை. டிராவல்ஸ்காரர் ஒருவர் கோலாலம்பூர், பினாங்கு, லங்காவி என்று ஒரு தாளை நீட்டினார். காலை ஆறு மணிக்கு ஹோட்டலை விட்டால் இரவு ஒன்பதுக்குத் திரும்பலாம். சின்னவனுக்கு இரண்டு வயது, அப்பாவுக்கு 65, அத்தைக்கு 75. மூன்று பேருக்கும் மத்தியானம் படுக்க வேண்டும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு வேலை, அதுவும் காலையில். மழை வந்தால் அதுவும் இல்லை. இந்த ஏற்பாட்டைக் கேட்டு டிராவல்ஸ்காரர் பரிதாபமாகப் பார்த்தார்.

காகித வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஆகும். சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருஷத்துக்குத்தான் செல்லும். பெரியவளுடையது முடிந்து போனதால் புதுப்பித்தோம். சின்னவனுடையதில் எட்டு மாதக் குழந்தை, மொட்டைத் தலையோடு, வெள்ளைப் போர்வையில் படுக்க வைத்து மேலேயிருந்து எடுத்த படம். இந்தியர்களுக்கு 30 நாள் வரை மலேசியாவில் விசா வேண்டாம். 2023 டிசம்பரில் வந்த சலுகை இது. ஆனால் டிஜிட்டல் வருகை அட்டை என்று ஒன்று உண்டு. இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. அதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் கேட்கிற தளத்தைக் கண்டால் மூடிவிடுங்கள். இரண்டு வயது முடிந்த பிள்ளையை விமானத்தில் மடியில் வைத்துக்கொள்ள விடுவதில்லை, முழு இருக்கை வாங்க வேண்டும். சின்னவனுக்கு ஜூலையில் இரண்டு முடிந்தது. பிள்ளைகளை அவர்களின் அப்பா இல்லாமல் வெளிநாட்டுக்குக் கூட்டிப் போவதால், எனக்குச் சம்மதம் என்று வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருக்கிறேன். கேட்பார்களோ மாட்டார்களோ, பையில் கிடக்கட்டும்.

துறையூர் பக்கம் எங்கள் கிராமத்தில் எங்கள் வீட்டுக்கு இன்றும் மலாயாக்காரர் வீடு என்றுதான் பெயர். தாத்தா மலேசியாவில் சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர். அப்பாவும் அத்தையும் பிறந்தது அங்கேதான். 1969 வாக்கில் அந்த நாட்டில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை பார்க்க முடியாது. குடிமக்களுக்கான நீல அட்டைக்கு எழுதிப் போடாமல் இருந்த தோட்டத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறினார்கள். தாத்தாவும் ஏறினார். அத்தைக்கு அப்போதுதான் ஈப்போவில் கல்யாணம் ஆகியிருந்தது, மாப்பிள்ளை நீல அட்டைக்காரர். அதனால் அத்தை அங்கேயே தங்கிவிட்டார். அப்பா பத்து வயதில் பினாங்கில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கியவர். பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. கல்யாணம், சாவு என்று வந்து பார்த்ததெல்லாம் அத்தைதான். இப்போது அத்தைக்கு முழங்கால் விடமாட்டேன் என்கிறது. அதனால் நாங்கள் போகிறோம்.

சனி, ஈப்போ

திருச்சியின் புது முனையம் 2024 ஜூனில் திறந்தது. பழையதில் நின்ற அனுபவம் உள்ளவர்களுக்கு இது வேறு ஊர். பெரியவள் சுவர் ஓவியங்களைப் பார்த்துக்கொண்டே ஓடினாள், சின்னவன் அவளைத் துரத்தினான், அப்பா இருவரையும் துரத்தினார். விமானம் ஏறுவதற்குள் மூவரும் களைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளைகளுக்குக் காது அடைக்கும். உறிஞ்சவோ சப்பவோ ஏதாவது கொடுத்தால் சரியாகும். சின்னவனுக்குப் பால் புட்டி, பெரியவளுக்குக் கடலைமிட்டாய். இறங்கும்போது புட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு அழுதான். முன் இருக்கையில் இருந்த பாய் ஒருவர் திரும்பி, தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி வேடிக்கை காட்டினார். அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

நாலு மணி நேரம் பறந்தோம். அப்பா ஜன்னலோரம். வெளியே ஒன்றும் தெரியாத இருட்டு. "கீழ கடல்தானம்மா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். பிறகு அவராகவே ராஜூலா கப்பலைப் பற்றிச் சொன்னார். 1926இல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல் அது, 1973 வரை சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே ஓடியது. மேல்தட்டில் பாய் விரித்து, டிரங்குப் பெட்டிகளை அணையாக வைத்துக்கொண்டு ஒரு வாரம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரை வரைக்கும் வராது, கடலிலேயே நிற்கும், படகில் இறக்குவார்கள். படகுக்காரர் தன்னைச் சாக்கு மூட்டை போலக் கை மாற்றிக் கை மாற்றி இறக்கினார் என்றார். இந்தக் கதையை எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பெரியவள் "தாத்தா, கப்பல்ல பாத்ரூம் இருந்துச்சா?" என்று கேட்டாள். இருந்ததாம், வரிசை பெரிதாம்.

கோலாலம்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். நமக்கு விடிகாலை, அவர்களுக்குக் காலை உணவு நேரம். குடிநுழைவு அதிகாரி சின்னவனின் பாஸ்போர்ட்டில் மொட்டைக் குழந்தையையும் என் இடுப்பில் தலைமுடி கண்ணை மறைக்கத் தூங்குகிற பையனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பாவின் பாஸ்போர்ட்டில் பிறந்த இடம் என்ற கட்டத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, மலாயில் ஏதோ கேட்டார். அப்பா மலாயிலேயே பதில் சொன்னார். இரண்டு வாக்கியம் இருக்கும். நான் அவர் வாயிலிருந்து மலாய் கேட்டதே இல்லை. கடிதத்தை யாரும் கேட்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு அதிவேக ரயில், அரை மணிக்குச் சற்று மேல். அங்கிருந்து ஈப்போவுக்கு ஈ.டி.எஸ். மின்சார ரயில், இரண்டரை மணி நேரம் போல. நேராக ஈப்போ போகிற பேருந்தும் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு ரயிலில் நடக்க இடம் இருக்கும், கழிப்பறை இருக்கும். வழி நெடுக எண்ணெய்ப்பனை. தாப்பா ரோடு, கம்பார், பத்து காஜா என்று ஸ்டேஷன் பெயர்கள் வர வர அப்பா அறிவிப்புக்கு முன்னாலேயே அடுத்த பெயரைச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள் திடுதிப்பென்று தரையிலிருந்து முளைத்தன.

ஈப்போ ஸ்டேஷன் 1917இல் கட்டியது. வெள்ளைக் குவிமாடங்களோடு நிற்பதால் ஊர்க்காரர்கள் அதை ஈப்போவின் தாஜ்மகால் என்கிறார்கள். அத்தையின் மகன், என் அத்தான், வெளியே காத்திருந்தார். எதிரே பூங்காவில் ஒரு மரத்தைக் காட்டி, "இதுதான் ஈப்போ மரம், இதோட பாலுல விஷம், அம்பு முனையில தடவுவாங்க" என்றார். பெரியவளுக்கு அதற்குப் பிறகு குவிமாடமாவது ஒன்றாவது.

காரில் பின்னால் குழந்தை இருக்கை பொருத்தியிருந்தது. பக்கத்து வீட்டுச் சீனரிடம் இரவல் வாங்கியதாம். 2020இலிருந்து சொந்தக் காரில் பிள்ளைகளை அப்படித்தான் உட்கார வைக்க வேண்டும் என்று இங்கே சட்டம். ஸ்கூட்டரில் முன்னால் நின்றே பழகிய நம் பையன் பெல்ட்டைப் பூட்டியதும் வில்லாக வளைந்து கத்தினான். அத்தான் அசையவில்லை. "கத்தட்டும்மா, பரவால்ல." வீடு வரை கத்தினான்.

அத்தை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அப்பா போய் முன்னால் நின்றார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பசியாறிட்டியாடா தம்பி?" என்றார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அவ்வளவுதான். நான் எதிர்பார்த்த அழுகை ஒன்றும் நடக்கவில்லை. அழுததெல்லாம் சின்னவன்தான்.

ஞாயிறு

ஒன்றும் செய்யவில்லை. அதற்குத்தானே வந்தது.

பிள்ளைகளின் உடம்பு இன்னும் திருச்சி நேரத்தில் இருக்கிறது. அங்கே இரவு ஒன்பது என்றால் இங்கே பதினொன்றரை. வீடே அடங்கின பிறகும் சின்னவன் கொட்டக் கொட்ட விழித்திருக்கிறான். அத்தைக்கும் தூக்கம் வருவதில்லை. நான் கண் அசந்து எழுந்து பார்த்தால் இருவரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அத்தை பழைய மைலோ டின் ஒன்றில் பொத்தான்களைப் போட்டு மூடிக் கொடுக்க, அவன் குலுக்கிக் கொட்ட, அத்தை பொறுக்கிப் போட, அவன் மறுபடி கொட்ட. இதை யாராலும் அரைமணி நேரம் விளையாட முடியாது. அந்த இருவரால் முடிகிறது. காலையில் அவன் ஒன்பது வரை தூங்கினான், அத்தையும் வழக்கத்தை விட்டு எட்டரைக்கு எழுந்ததாக அத்தானின் மனைவி அக்கா சொன்னார்.

அத்தானின் மகனுக்குப் பதின்மூன்று வயது. ஆறாம் வகுப்பு வரை தமிழ்ப்பள்ளி. இந்த நாட்டில் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் 500க்கு மேல் இருக்கின்றன. இப்போது மலாய் வழி இடைநிலைப்பள்ளி. பெரியவள் படிப்பது இங்கிலீஷ் மீடியம். அண்ணன் எழுதித் தந்த தமிழ்ப் பெயர்ப் பலகையை எழுத்துக்கூட்டிப் படிக்க அவளுக்கு நேரமாயிற்று. இதைப் பற்றி வீட்டுக்காரரிடம் பேச வேண்டும்.

மத்தியானம் அப்பாவுக்கும் அத்தைக்கும் சண்டை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், எங்கள் வீடு கோடியிலிருந்து மூன்றாவதா நான்காவதா? அத்தை நான்காவது என்கிறார். அப்பா மூன்றாவது என்கிறார். குரல் உயர்ந்தது. பெரியவள் என்னிடம் வந்து, "தாத்தாவ பெரிய பாட்டி திட்றாங்க" என்று ரகசியமாகச் சொன்னாள். அவளுக்கு அது பெரிய விஷயம். தாத்தாவைத் திட்டுகிற ஓர் ஆளை அவள் பார்த்ததில்லை.

திங்கள்

காலையில் டி.ஆர். சீனிவாசகம் பூங்கா. ஊஞ்சல், சறுக்கு, குளம், நிழல். சீனிவாசகம் இந்த ஊர் வழக்கறிஞர், நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சிக் குரல், 1969இல் இறந்தார். ஏழைகளின் வழக்கைக் காசு வாங்காமல் நடத்துவார் என்று அத்தைக்கு அவர் மேல் பெரிய மரியாதை. சீனப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், நம் பிள்ளைகள் ஒரே சறுக்கில் வரிசை. பேச்சு எதுவும் தேவைப்படவில்லை, தள்ளுமுள்ளு எல்லா மொழியிலும் ஒன்றுதான்.

மூன்று மணிக்கு மழை. ஈப்போ மழைக்குக் கடிகாரம் தெரியும் போல. தூக்கம்.

செவ்வாய், தோட்டம்

இந்த ஒரு நாளுக்காகத்தான் அப்பா வந்தார்.

ஈப்போவிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போல சுங்கை சிப்புட். துன் வீ.தி. சம்பந்தன் ஊர். ம.இ.கா. என்கிற மலேசிய இந்தியக் காங்கிரஸ் கட்சியின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்தவர். தோட்டங்களை வெள்ளைக்காரர்கள் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, தொழிலாளிகளே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கட்டும் என்று 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். தாத்தா அதில் மாதாமாதம் கட்டினார் என்று அப்பா சொல்ல, இல்லை, கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்று அத்தை திருத்தினார்.

டவுனைத் தாண்டி மண்பாதை. தோட்டத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அத்தான் சொல்லிவிட்டார், உள்ளே போக அனுமதி வாங்கித் தந்தவருக்குத் தொல்லை வரக்கூடாது. ரப்பர் எப்போதோ போய்விட்டது. எங்கு பார்த்தாலும் எண்ணெய்ப்பனை. லயம் இருந்த இடத்திலும் பனைதான். மூன்றாவது வீடும் இல்லை, நான்காவது வீடும் இல்லை. சிமெண்டுத் தரை கொஞ்சம் புல்லுக்கடியில் கிடந்தது. அப்பா செருப்பால் புல்லை விலக்கிப் பார்த்தார். எந்த வீட்டின் தரை என்று சொல்ல முடியவில்லை. இருவரும் சண்டையைத் தொடரவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை.

மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. ஆடியில் திருவிழாவுக்கு, சிதறிப்போன குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ காரில் வருகிறார்களாம். அதனால் சுண்ணாம்பு புதிது. அத்தைக்குக் கோயில் மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். சின்னவன் அவர் காலடியில் உட்கார்ந்து எறும்பு பார்த்தான்.

அங்கே அத்தை சொன்னது முழுக்கப் பிள்ளைகளைப் பற்றி. விடிவதற்கு முன்னால் பெரட்டுக்கு, அதாவது வேலையாட்களின் பெயர் கூப்பிடுவதற்கு, மணி அடிக்கும். அதற்குள் அம்மாக்கள் எழுந்து, தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டு ஆயாக்கொட்டகைக்குப் போக வேண்டும். ஒரு கொட்டகை, வரிசையாகத் தொட்டில், ஒரு ஆயா. பிள்ளையை அங்கே விட்டுவிட்டு, பெயர் கொடுத்துவிட்டு, இருட்டோடு இருட்டாக மரம் வெட்டக் கிளம்ப வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் நின்றுவிடும். நடுவில் பிள்ளைக்குப் பால் கொடுக்க வர முடிகிற அம்மாக்கள் வருவார்கள். தூரத்து நிரையில் வெட்டுகிறவர்களுக்கு முடியாது. "இவனப் பாதி நாளு நாந்தான் தூக்கிட்டுப் போயி விட்டேன். எனக்குப் பத்து வயசு. அம்மா முன்னால போயிரும், நான் இவன எறக்கி வச்சிட்டு ஸ்கூலுக்கு ஓடுவேன்." அப்பா கேட்டுக்கொண்டிருந்தார். கொட்டகை அவருக்கு ஞாபகம் இல்லை. அங்கே கிடைத்த பால் பவுடர் மட்டும் நாக்கில் இருக்கிறதாம்.

எனக்கு ஒரு கோபம் வந்தது. இரண்டு பிள்ளைகளை நாலு மணி நேரம் விமானத்தில் உட்கார வைக்க நான் ஒரு மாதம் திட்டம் போட்டேன். அப்பத்தா இருட்டில் பிள்ளையை விட்டுவிட்டு நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மங்கு மங்காகப் பாலை ஊற்றி, வாளியைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுபோன கதையை எங்கள் வீட்டில் ஒருவரும் அவரிடம் உட்கார்ந்து கேட்டதில்லை. மலாயா என்றால் செண்ட், டார்ச் லைட், டிரங்குப் பெட்டி. அவ்வளவே கேட்டிருக்கிறோம்.

கோயிலுக்குப் பின்னால் வேலியோரம் பழைய ரப்பர் மரங்கள் சில தப்பிப் பிழைத்து நின்றன. கீழே காய் வெடித்துக் கொட்டைகள். அப்பாவைப் பார்க்க வேண்டுமே! குனிந்து பொறுக்கி, மண்டபத்துச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, சூட்டோடு பெரியவளின் கையில் வைத்தார். அவள் அலறினாள். அடுத்த நிமிஷம் "எனக்குக் குடுங்க, எனக்குக் குடுங்க!" அரைமணி நேரத்தில் அத்தான், அவர் மகன், நான், கோயில் வாசலில் நின்ற ஒரு தொழிலாளி என்று யாரும் சூடு வாங்காமல் தப்பவில்லை. அத்தைக்குச் சூடு வைக்கப் பயந்து நின்றாள். அத்தை தானே கையை நீட்டினார்.

அந்தத் தொழிலாளி வங்காளதேசத்துக்காரர். இங்கே குலை வெட்டுகிற வேலை. சின்னவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, கைப்பேசியில் தன் மகனின் படத்தைக் காட்டினார், இவன் வயதுதான் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டி வர வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கு அனுமதி கிடையாது. காலையிலிருந்து தோட்டத்தில் ஒரு குழந்தைச் சத்தம்கூடக் கேட்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பள்ளிக்கூடம் டவுன் பக்கம் போய்விட்டது, ஆயாக்கொட்டகை இருந்த மேட்டில் உர மூட்டைக் கிடங்கு.

திரும்பும்போது சின்னவன் கார் இருக்கையில் கத்தவில்லை. பழகிவிட்டது, அல்லது களைத்துவிட்டான்.

புதன்

புந்தோங் போனோம், ஈப்போவிலேயே தமிழர்கள் நிறைந்த பகுதி. அங்கே ஒரு தெரு முழுக்கக் கச்சாங் பூத்தே செய்கிற குடும்பங்கள். முறுக்கு, ஓமப்பொடி, பகோடா, வறுகடலை, காரப் பட்டாணி. எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள். கடையில் கேட்காமலேயே சின்னவன் கை நிறைய முறுக்கு வைத்தார்கள். அவன் பாதியைத் தரையில் போட்டான், இன்னொரு கை நிறைய வைத்தார்கள். தீபாவளிக்கு ஆர்டர் ஏறத் தொடங்கிவிட்டதாம், அடுப்பு அணைவதில்லை. சீனர்களும் மலாய்க்காரர்களும் பெருநாளுக்கு இங்கேதான் வாங்குகிறார்கள்.

திருச்சியிலிருந்து நான் கட்டிச் சுமந்து வந்த முறுக்கு டின் அத்தை வீட்டில் இன்னும் திறக்காமல் இருக்கிறது.

வியாழன்

கெல்லி கோட்டை, பத்து காஜா பக்கம். கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் கட்டத் தொடங்கி முடிக்காமல் விட்ட மாளிகை. மதராஸிலிருந்து ஆட்களையும் செங்கல்லையும் வரவழைத்தார். லிஃப்ட் வைக்கக் குழி விட்டிருக்கிறார்கள். டென்னிஸ் ஆடவும் இடம் விடத் திட்டம். நடுவில் ஸ்பானிஷ் காய்ச்சல் பரவி வேலையாட்கள் பலர் இறந்தார்கள். மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று மிச்சம் இருந்தவர்கள் கேட்க, கட்டிக் கொடுத்திருக்கிறார். கொஞ்ச தூரத்தில் அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. கூரையில் சாமிகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பில் ஒரு துரை நிற்கிறார், அது ஸ்மித்தான் என்கிறார்கள். 1926இல் ஐரோப்பாவுக்குப் போனவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மனைவி சொத்தை விற்றுவிட்டார்.

பிள்ளைகளோடு போவதற்கு நல்ல இடம் என்று சொல்ல மாட்டேன். மாடியில் ஓரங்கள் பயமாக இருக்கின்றன, சின்னவனை ஒரு கணம் கீழே விட முடியவில்லை. பெரியவளுக்குப் பேய் இருக்கிறதா என்பது மட்டும்தான் கேள்வி. அத்தானின் மகன் இருக்கிறது என்றான். ராத்திரி அவள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு தூங்கினாள்.

கோயில் கூரையில் இருக்கிற துரையைப் பார்த்துவிட்டு அப்பா, "கட்டுனவனுக்கு எடம் குடுத்திருக்கோம் பாரு. செத்தவன் ஒருத்தன் பேருகூட இல்ல" என்றார். அப்பா அதிகம் பேசுகிறவர் இல்லை.

வெள்ளி

காலையில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நம் பரோட்டாவின் தம்பி, பருப்புக் குழம்போடு. ஐந்து நாளாகப் பிள்ளைகள் இதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. அத்தான் சாதாரணமாகச் சொன்னார்: "மாமா, முப்பது நாளு குத்தியிருக்கான்ல பாஸ்போர்ட்டுல. அதுல எட்டு நாளு கூட ஆவல."

அப்பா பதில் சொல்லவில்லை. அத்தையும் ஒன்றும் சொல்லவில்லை, சின்னவனுக்கு ரொட்டி பிய்த்துக்கொண்டிருந்தார். தட்டு கழுவப் போன இடத்தில் அப்பா என்னிடம், "நீ தனியா ரெண்டையும் சமாளிச்சுருவியாம்மா?" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்? முடியாது என்பதுதான் உண்மை. சமாளித்துக்கொள்கிறேன் என்றேன்.

டிக்கெட் தேதி மாற்றுகிற கட்டணம் புது டிக்கெட்டை விட அதிகம். பழையதை விட்டுவிட்டுப் புதிதாக வாங்கினோம். 30 நாள் முடிவதற்கு ஐந்து நாள் முன்னதாகவே போட்டேன், விமானம் ரத்தானாலும் நாள் தாண்டக்கூடாது. இந்தத் தீபாவளி அப்பாவுக்கு இங்கே. வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மாமா வேட்டி எத்தன கொண்டுபோனாரு?" என்று கேட்டார். அத்தை ஏற்கெனவே கைலி இரண்டு வாங்க ஆள் அனுப்பிவிட்டார்.

ஞாயிறு, விமான நிலையம்

அத்தான் காரிலேயே கோலாலம்பூர் கொண்டுவந்து விட்டார். வழியில் பத்துமலை. 2006இல் எழுப்பிய 140 அடி முருகனைக் கீழேயிருந்து பார்த்தேன். 272 படிகளையும் ஏறியே தீருவேன் என்று பெரியவள் அடம் பிடித்தாள். அண்ணனோடு அனுப்பினேன். நடுவழியில் குரங்கு வாழைப்பழத்தைப் பறித்துக்கொண்டதாகப் பெருமையோடு இறங்கி வந்தாள். நானும் அப்பாவும் கீழே புறாக்களுக்கு நடுவே சின்னவனைத் துரத்தினோம்.

அத்தை ஈப்போவிலேயே நின்றுவிட்டார், அவ்வளவு தூரம் காரில் முழங்கால் தாங்காது. கிளம்பும்போது சின்னவன் பொத்தான் டின்னை விட மறுத்தான். அத்தை கொடுத்துவிட்டார். பாதுகாப்புச் சோதனையில் அந்த டின்னை மூன்று பேர் திறந்து பார்த்தார்கள். பெட்டிகளில் வெள்ளைக் காப்பித் தூள், மைலோ, கச்சாங் பூத்தே, தாம்புன் பம்பளிமாஸ் ஒன்று. எடை கூடுதலாகிப் பம்பளிமாஸ் அத்தானோடு திரும்பிப் போயிற்று.

உள்ளே போகும் வாசலில் அப்பா பெரியவளிடம், "தம்பிய நீதான் பாத்துக்கணும்" என்றார். அவள் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டாள். விமானத்தில் தானே அவனுக்குப் பெல்ட் போட்டாள், அவன் வாயில் முறுக்கைத் திணித்தாள், எழுந்தால் அதட்டினாள். அப்பாவின் இருக்கையில் புதுக்கோட்டைப் பையன் ஒருவன், கோலாலம்பூரில் ஹோட்டல் வேலை. நான் பெரியவளைக் கழிப்பறைக்குக் கூட்டிப் போனபோது சின்னவனை அவன்தான் பிடித்துக்கொண்டான்.

செவ்வாய், திருச்சி

இப்போது எல்லாம் தலைகீழ். சின்னவனின் உடம்பு ஈப்போ நேரத்துக்குப் போய்விட்டது. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து டின்னைக் குலுக்குகிறான். அங்கே ஆறரை. வீடியோவில் கூப்பிட்டேன். அத்தை உடனே எடுத்தார், பின்னால் அப்பா புதுக் கைலியில் பல் துலக்கிக்கொண்டிருந்தார். அவர் கொண்டுபோன பிரஷர் மாத்திரை பத்து நாளைக்குத்தான் வரும். டாக்டர் எழுதின சீட்டு பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறதாம், விடிந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்.